அவர்கள் இருக்கும்போதே கேட்டு வையுங்கள்

சென்ற இதழில் நார்த்தங்காய் உப்பிடும் பக்குவம் எழுதியபோது, அடுத்த முறை சாரல் காலத்தில் குழந்தைகளுக்கு வரும் சளிக்குக் கைமருந்து எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். அதைக் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறேன். போன வாரம் எங்கள் தெருவில் ஒரு சாவு. துட்டி கேட்கப் போன இடத்தில், அந்த வீட்டு மருமகள் அழுகையை அடக்கிக்கொண்டு பீரோவில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். என்னவென்று கேட்டேன். "மாமாவோட ஆதார் கார்டு எங்க இருக்குன்னே தெரியல்லக்கா" என்றாள். அதைப் பார்த்ததும் என் அப்பா போன நாள் ஞாபகம் வந்துவிட்டது. அதனால்தான் இந்த முறை இதை எழுதுகிறேன்.

"நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே. நமக்குச் சீமந்தத்துக்கு என்னென்ன வேண்டும் என்று தெரியும். பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதற்கு, காது குத்துவதற்கு, பெண்ணுக்குச் சீர் வைப்பதற்கு எல்லாவற்றுக்கும் ஆறு மாதம் முன்னாலேயே பட்டியல் போட்டுவிடுவோம். எல்லார் வீட்டிலும் ஒரு நாள் நிச்சயமாக நடக்கப்போகிற இந்த ஒரு காரியத்துக்கு மட்டும் ஒன்றுமே எழுதி வைப்பதில்லை.

பூட்டிய பெட்டி

என் அப்பா பட்டாளக்காரர். 1965-இல் பதினெட்டு வயதில் சேர்ந்து, 1971 யுத்தத்தில் கிழக்கே வங்காளம் வரைக்கும் போய் வந்தவர். ஹவில்தாராக ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபோது ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டியும் கொண்டுவந்தார். மூடியில் வெள்ளைப் பெயின்டில் அவர் பெயரும் நம்பரும் எழுதியிருக்கும். வருஷத்துக்கு ஒரு நாள், டிசம்பர் 16 அன்று, அந்தப் பெட்டி திறக்கும். டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்த நாள் அது. அப்பா திண்ணையில் உட்கார்ந்து, பூர்வி ஸ்டாரையும் சங்கிராம் மெடலையும் விபூதி போட்டுத் துடைப்பார். நாங்கள் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து பார்ப்போம். துடைத்து முடித்ததும் பெட்டி பூட்டிக்கொள்ளும். சாவி எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது.

அப்படி ஒரு டிசம்பரில்தான் அவர் சொன்னார்: "நான் போம்போ பியூகிள் ஊதணும் மக்ளே. அது ஒண்ணுதான் எனக்கு ஆசை."

அம்மை அடுக்களையிலிருந்து சத்தம் போட்டாள்: "நல்ல நாளும் அதுவுமா வேற பேச்சு இல்லியா ஒங்களுக்கு?"

அப்பா சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றிவிட்டார். நானும்தான் சிரித்தேன். "அது என்ன பியூகிள், யாரு ஊதுவா, யாருக்கிட்ட சொல்லணும்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

2016 தை மாதம் ஒரு விடியற்காலையில் அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். எட்டு மணிக்குள் வீடு நிறைந்துவிட்டது. நீர்மாலைக்கு யார் போவது, கோடி யார் எடுப்பது, துபாயில் இருக்கிற தம்பி வரும்வரை வைத்திருப்பதா வேண்டாமா என்று ஆளுக்கொரு பேச்சு. ஐஸ் பெட்டிக்கு மூன்று பேர் மூன்று இடத்துக்குப் போன் செய்து, கடைசியில் இரண்டு பெட்டி வந்து வாசலில் நின்றது. திருப்பி அனுப்பிய பெட்டிக்கும் வண்டி வாடகை கொடுத்தோம். அம்மை ஒரு மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

பத்து மணி வாக்கில் எங்கள் ஊர் சுபேதார் மாமா வந்தார். அப்பாவுக்குப் பத்து வருஷம் பின்னால் பட்டாளத்தில் சேர்ந்தவர். வந்ததும் அண்ணனிடம் கேட்டார்: "அண்ணாச்சிக்க நம்பர் என்ன? எந்த பட்டாலியன்?"

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் அம்மையைப் பார்த்தேன். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்பதுவரை தெரியும். அதற்கு மேல் ஒருவருக்கும் தெரியவில்லை. நம்பர் அந்தப் பெட்டி மேலேயே எழுதியிருக்கிறது என்பதுகூட அந்த நேரத்தில் எங்கள் புத்திக்கு எட்டவில்லை. பெட்டியின் மேல் யாரோ பாயும் தலையணையும் அடுக்கி வைத்திருந்தார்கள்.

கொடியும் பியூகிளும்

அண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. சுதந்திர தினத்துக்கு வாங்கி வைத்திருந்த தேசியக் கொடியை எடுத்துக்கொண்டு வந்து, அப்பா மேல் போர்த்தப் போனான். சுபேதார் மாமா மெதுவாக அவன் கையைப் பிடித்து, "நாமளா போர்த்தப்படாது மக்ளே, அதுக்கு முறை இருக்கு" என்றார். அப்போது எங்களுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. பிறகு விசாரித்ததில் அவர் சொன்னது சரி என்று தெரிந்தது.

1971-ஆம் வருஷத்துத் தேசியச் சின்னங்கள் அவமதிப்புத் தடுப்புச் சட்டத்தின்படி, அரசு மரியாதையோடும், ராணுவம் மற்றும் துணை ராணுவப் படைகளின் மரியாதையோடும் நடக்கும் இறுதிச் சடங்குகளில் மட்டும்தான் தேசியக் கொடியை உடல்மேல் போர்த்தலாம். மற்றபடி எதன்மேலும் போர்த்துவது குற்றம், மூன்று வருஷம் வரை தண்டனை உண்டு. 2002-இல் வந்த கொடி விதிகள் இன்னும் விவரமாகச் சொல்கின்றன. காவி நிறம் தலைப்பக்கம் இருக்க வேண்டும். கொடியைக் குழிக்குள் இறக்கக்கூடாது, சிதையில் எரிக்கவும் கூடாது. பாசத்தால் செய்யப்போய் அப்பா வாழ்நாளெல்லாம் மதித்த கொடிக்கே குறை வைத்திருப்போம்.

சரி, பியூகிள் என்றால் என்ன? சுபேதார் மாமாதான் பிற்பாடு விளக்கிச் சொன்னார். பட்டாள முகாமில் ராத்திரி காவல் எல்லாம் சரி பார்த்தாகிவிட்டது, இனி தூங்கலாம் என்பதற்கு ஊதுகிற ஊதலுக்கு 'லாஸ்ட் போஸ்ட்' என்று பெயர். அதையே ஒரு சிப்பாயின் சிதைக்குப் பக்கத்திலும் குழிக்குப் பக்கத்திலும் ஊதுகிறார்கள். உன் காவல் முடிந்தது, இனி நீ உறங்கலாம் என்று அதற்கு அர்த்தமாம். முழு ராணுவ மரியாதை என்றால் மலர் வளையம் வைப்பார்கள், துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்து நிற்பார்கள், வானத்தை நோக்கி மூன்று முறை சுடுவார்கள், பியூகிள் ஊதுவார்கள்.

பணியில் இருக்கும்போது உயிரை விட்டவர்களுக்குப் படையே எல்லாம் செய்கிறது. ஓய்வு பெற்று முப்பது வருஷம் கழித்து வீட்டில் காலமாகிறவருக்கு அது தானாக நடந்துவிடாது. யாராவது தகவல் சொல்ல வேண்டும். அவருடைய நம்பர், பதவி, பட்டாலியன், வாங்கிய பதக்கங்கள் இவற்றைச் சொல்லிக் கேட்டால், என்ன செய்ய முடியும் என்று அவர்கள் சொல்வார்கள். நம் மாவட்டத்துக்குப் பக்கத்தில் ராணுவ முகாம் என்றால் திருவனந்தபுரம் பாங்கோடுதான். நாகர்கோவிலில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. ஊருக்கு ஊர் முன்னாள் ராணுவத்தினர் சங்கங்களும் இருக்கின்றன. விடியற்காலை ஐந்து மணிக்கு யாருக்குப் போன் செய்வது என்பது மட்டும் முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் அது தெரியாததால் நேரம் போய்விட்டது. சுபேதார் மாமா அக்கம்பக்கத்து ஊர்களில் இருந்த ஏழெட்டு முன்னாள் பட்டாளக்காரர்களைத் திரட்டிக்கொண்டு வந்தார். வெள்ளைச் சட்டையில் மெடல்களைக் குத்திக்கொண்டு, வயசானவர்கள், முதுகு வளைந்தவர்கள், வரிசையாக நின்று மலர் வளையம் வைத்து சல்யூட் அடித்தார்கள். அதைப் பார்த்துத்தான் அம்மை முதன்முதலாக வாய்விட்டு அழுதாள். பியூகிள் மட்டும் ஊதவில்லை.

காடாத்து முடிந்து பெட்டியின் பூட்டை உடைத்தோம். உள்ளே எல்லாம் ஒழுங்காக அடுக்கியிருந்தது. டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் உத்தரவு, மெடல்கள். அடியில் ஒரு நாற்பது பக்க நோட்டு. அதில் அப்பா தன் கையாலேயே எழுதியிருந்தார்: யார் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும், எந்தச் சட்டையைப் போட வேண்டும், தம்பிக்காகக் காத்திருக்க வேண்டாம், பியூகிளுக்கு யாரிடம் கேட்க வேண்டும், எல்லாம். எல்லாவற்றையும் எழுதி வைத்தவர் அதைப் பூட்டி வைத்துவிட்டார். நாங்களும் கேட்காமல் இருந்துவிட்டோம். சாவி பூசை அறையில் விளக்குப் பலகைக்கு அடியில் இருந்தது. பதினாறு அடியந்திரத்துக்கு வீடு கழுவும்போது கிடைத்தது.

ஒரு எழுத்தால் வந்த வினை

அந்த நோட்டில் கடைசிப் பக்கத்தில் இன்னொரு குறிப்பும் இருந்தது: "ரெக்கார்டில் அவள் பெயரைத் திருத்த வேண்டும்." அதற்குக் கீழே கோடு போட்டிருந்தார். திருத்தியிருக்கவில்லை.

அம்மையின் பெயர் பட்டாள ரெக்கார்டில் ஒருவிதம், ஆதாரில் ஒருவிதம். வித்தியாசம் கடைசியில் ஒரு 'ள்'. பிறந்த தேதியிலும் ஒரு வருஷம் வித்தியாசம். கல்யாணமான புதிதில் யாரோ கேட்டு எழுதியதை யார் கவனித்தார்கள்? அப்பா இருந்தவரை அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. அவர் போனபிறகு குடும்ப பென்ஷனுக்குப் போனால், இந்தப் பெண்ணும் அந்தப் பெண்ணும் ஒருத்திதான் என்று நிரூபிக்க வேண்டியதாயிற்று. பிரமாணப் பத்திரம், நோட்டரி, பள்ளிக்கூடச் சான்று, மறுபடி விண்ணப்பம், மறுபடி ஒரு தாள் குறைவு. பதினோரு மாதம் ஆனது.

அந்தப் பதினோரு மாதத்தில் ஒரு நாள் அம்மை பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தாள். சாப்பிட்டுவிட்டுப் போகும்போது வாசலில் நின்று, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "மருந்துக்கு ஒரு நூறு ரூவா தருவியா மக்ளே, பென்ஷன் வந்ததும் தந்துருகேன்" என்றாள். பிள்ளைகள் யாரிடமும் கைநீட்டாதவள் அவள். அண்ணனும் நானும் மாதாமாதம் கொடுத்துக்கொண்டுதான் இருந்தோம். ஆனாலும் அவளுக்கென்று வருகிற பணம் வேறு, பிள்ளைகளிடம் கேட்டு வாங்குகிற பணம் வேறு இல்லையா? அந்த ஒரு 'ள்' அவளை என் வாசலில் அப்படி நிற்க வைத்துவிட்டது.

ஆகையால் வீட்டில் பட்டாளத்து பென்ஷன் வாங்குகிறவர் இருந்தால், அது அப்பாவோ மாமனாரோ உங்கள் வீட்டுக்காரரோ, இந்த ஒன்றை மட்டுமாவது இப்போதே பாருங்கள். பென்ஷன் உத்தரவில், பி.பி.ஓ. என்பார்களே அதில், மனைவியின் பெயர் இருக்கிறதா? இருந்தால் எழுத்துக்கு எழுத்து ஆதாரோடு ஒத்துப்போகிறதா? பிறந்த தேதி? இல்லையென்றால் அவர் உயிரோடு இருக்கும்போதே, அவர் கையெழுத்தோடு, அவருடைய படைப்பிரிவின் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதித் திருத்திக்கொள்ளலாம். மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு அது நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது. எப்படி எழுதுவது என்று நாகர்கோவில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்கலாம். இப்போது பாதுகாப்புத் துறை பென்ஷன் எல்லாம் 'ஸ்பர்ஷ்' என்ற கணினி முறைக்கு மாறிவிட்டது. அதில் குடும்ப விவரம் என்ன பதிவாகியிருக்கிறது என்று பேரப்பிள்ளைகளை விட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

குடும்ப பென்ஷன் எவ்வளவு வரும் என்பதும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். சாதாரணமாக அவர் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 30 சதவீதம். அவர் 67 வயதுக்குள் காலமானால், 7 வருஷம் அல்லது அவருக்கு 67 வயது நிறைந்திருக்கும் நாள், இரண்டில் எது முந்தியோ அதுவரை 50 சதவீதம். ஆனால் அவர் வாங்கிய பென்ஷனுக்கு மேல் போகாது. இன்னொன்று. அவர் போனபிறகு ஏ.டி.எம். கார்டு கையில் இருக்கிறதே என்று அவர் பெயரில் வந்த பென்ஷனை எடுத்துவிடக்கூடாது. அதைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். முதலில் தகவல் கொடுங்கள். பென்ஷன் கணக்கு கணவன் மனைவி இரண்டு பேர் பெயரிலும் இருந்தால் பாதித் தலைவலி குறையும். 2003-இல் தொடங்கிய முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தில் மனைவிக்கும் உரிமை உண்டு. அவர் போனபிறகும் அது தொடரும். அதற்கான கார்டை மாற்றிக்கொள்ள மறக்காதீர்கள்.

உதயகிரிக் கோட்டையில் ஒரு கல்லறை

பதினோரு மாத அலைச்சலில் ஒரு நாள் தக்கலை பக்கம் போயிருந்தேன். வேலை முடிந்து பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் புலியூர்க்குறிச்சியில் இறங்கி உதயகிரிக் கோட்டைக்குள் போனேன். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது சுற்றுலா போன இடம். உள்ளே இடிந்த ஒரு மாதா கோயிலில் டிலனாய் என்கிற தளபதியின் கல்லறை இருக்கிறது.

இந்தக் கதை நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். 1741 ஆகஸ்டில் குளச்சலில் டச்சுக்காரர்களை மார்த்தாண்டவர்மா மகாராஜா தோற்கடித்தார். எதிரிப் படையில் வந்து பிடிபட்டவர் இந்த டிலனாய். பிறகு ராஜாவிடமே வேலைக்குச் சேர்ந்து, திருவிதாங்கூர்ப் படையைப் பழக்கி, வலிய கப்பித்தான் என்று பெயர் வாங்கி, 1777-இல் உதயகிரியிலேயே காலமானார். பக்கத்திலேயே அவர் மனைவியும் மகனும் அடக்கமாகியிருக்கிறார்கள். கல்லறைக் கல்லில் லத்தீனிலும் தமிழிலும் அவர் யார், யாருக்காக உழைத்தார் என்று வெட்டியிருக்கிறது.

இருநூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னால் எங்கிருந்தோ வந்த ஒரு பட்டாளக்காரர் எந்தப் படையில் என்ன வேலை பார்த்தார் என்பது கல்லில் இருக்கிறது. அது தெரிந்த யாரோ ஒருவர் சொல்லி எழுத வைத்ததால்தானே? எங்கள் வீட்டில் பெற்ற அப்பாவின் பட்டாலியன் நம்பர் எங்களுக்குத் தெரியவில்லை. அந்தக் கல்லுக்கு முன்னால் நின்றபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

டிலனாய் மாதிரியே, பீல்டு மார்ஷல் மானெக்ஷாவும் மனைவிக்குப் பக்கத்தில்தான் உறங்குகிறார். 1971 யுத்தத்தில் அப்பாவுக்கெல்லாம் தலைவராக இருந்தவர் அவர். 2008 ஜூன் 27 அன்று வெலிங்டன் ராணுவ ஆஸ்பத்திரியில் காலமாகி, ஊட்டியில் பார்சிக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தில் ராணுவ மரியாதையோடு அடக்கமானார். எவ்வளவு பெரிய பதவியானாலும் கடைசியில் எங்கே, யார் பக்கத்தில் என்பது வீட்டு விஷயம். அதை வீட்டில்தான் பேசி வைக்க வேண்டும்.

அத்தையோடு ஒரு மத்தியானம்

அப்பா விஷயத்தில் பட்ட பாடு போதும் என்று, என் மாமியாரிடம் ஒரு மத்தியானம் நானே பேச்சை எடுத்தேன். அத்தைக்கு எண்பது வயது. எப்படி ஆரம்பிப்பது என்று ஒரு வாரம் யோசித்தேன். "அத்தை, நீங்க போனா" என்று நேராகக் கேட்க முடியுமா? முதலில் அப்பாவின் பெட்டிக் கதையைச் சொன்னேன். சாயா குடித்துக்கொண்டே கேட்டவர், டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தானாகவே சொன்னார்:

"என்னைய ஐஸ் பெட்டில வச்சு ரெண்டு நாள் கிடத்தாத. குளிர் எனக்கு ஆவாது. துபாய்க்காரன் வந்தா வரட்டு, வரல்லன்னா அடியந்திரத்துக்கு வரட்டு. அவனுக்கு இப்பமே சொல்லிரு, பொறவு வந்து உங்கிட்ட சண்டை போடப்படாது."

அவ்வளவுதான், ஒரு மடை திறந்த மாதிரி. எந்தப் புடவை, காதில் கிடக்கும் கம்மல் யாருக்கு, கண்ணைத் தானம் செய்துவிட வேண்டும், பாங்குப் புத்தகம் எந்த டப்பாவில் இருக்கிறது என்றெல்லாம் சொன்னார். கடைசியில், "அடியந்திரத்துக்குப் பருப்பும் பப்படமும் வச்சு ஒப்பேத்தீராத, அவியல் இருக்கணும். தேங்கா நம்ம தோப்புலயே கிடக்கு" என்றார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, அவரிடமே கையெழுத்து வாங்கி, அந்த வாரமே கொழுந்தனுக்குப் போனில் படித்துக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "சரி மைனி" என்றார்.

நான் பயந்த மாதிரி அத்தை கோபித்துக்கொள்ளவில்லை. யாராவது கேட்பார்களா என்று அவர் காத்துக்கொண்டிருந்த மாதிரிதான் எனக்குப் பட்டது.

வாடகைக்கு வருகிறவை

இப்போது நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கமெல்லாம் ஒரு போன் செய்தால் ஐஸ் பெட்டி, பந்தல், நாற்காலி, வண்டி, பூ எல்லாம் ஒரே இடத்திலிருந்து வந்துவிடுகின்றன. சவப்பெட்டிக் கடைகளும் அப்படித்தான். நல்ல வசதிதான். ஆனால் அழுதுகொண்டிருக்கும் வீட்டில் யாரும் விலை பேச மாட்டார்கள். அதனால் முன்னாலேயே ஒரு நாள் இரண்டு இடத்தில் விசாரித்து வையுங்கள். பெட்டிக்கு வாடகை நாள் கணக்கா, மணிக் கணக்கா? கொண்டுவர, எடுத்துப்போக வண்டிக் கூலி தனியா? கரன்ட் போனால் ஜெனரேட்டர் அவர்களுடையதா? ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். அன்றைக்குப் பணம் காசு பேசுவதற்கு என்று வீட்டில் நிதானமான ஒருவரை, சித்தப்பாவோ மச்சானோ, இப்போதே முடிவு செய்யுங்கள். ஐஸ் பெட்டியை ஈரத்தரையில் வைக்காதீர்கள். எர்த் உள்ள பிளக்கில் மட்டும் மாட்டுங்கள். கைக்குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் இறந்தவரை வீட்டுக்குக் கொண்டுவர இலவச அமரர் ஊர்தி இருக்கிறது. 155377 என்ற எண்ணுக்குக் கூப்பிட வேண்டும். இது தெரியாமல் கடன் வாங்கி வண்டி பிடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்கிற குடும்பமானால், குடும்பக் கல்லறை எது, இடம் இருக்கிறதா, சபையில் பெயர் நடப்பில் இருக்கிறதா என்று பார்த்து வையுங்கள். கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனவர்களுக்கு அன்றைக்குத்தான் இந்தக் கேள்வி வந்து நிற்கும். ஜமாத்தில் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் அன்றைக்கே அடக்கம். ஆகவே அவர்களுக்கு யாருக்குத் தகவல் சொல்வது என்ற பட்டியல் இன்னும் அவசியம்.

கண் தானம் செய்ய விரும்பினால் 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். கண்களை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். கண்புரை ஆபரேஷன் செய்தவர்களும் கொடுக்கலாம். உடல் தானம் என்றால் ஆசாரிப்பள்ளத்தில் உள்ள கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரியில் முன்னாலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். பிள்ளைகளின் சம்மதமும் தேவை. மூளைச் சாவு அடைந்து உறுப்புகளைத் தானம் செய்கிறவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடக்கும் என்று 2023 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்தது. அது முதல் நம்மைப்போன்ற சாதாரண வீட்டு மனிதர்களுக்கும் அந்த மரியாதை கிடைக்கிறது.

நோட்டில் எழுதி வைக்க வேண்டியவை

1. பெயர், ஆதாரில் உள்ளபடி. இறப்புச் சான்றிதழுக்கு இதே எழுத்தைத்தான் கொடுக்க வேண்டும். பென்ஷன், பாங்கு, இன்ஷூரன்ஸ் எல்லாம் அந்தச் சான்றிதழைப் பார்த்துத்தான் நடக்கும்.

2. இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். ஆஸ்பத்திரியில் நடந்தால் அவர்களே தெரிவிப்பார்கள். வீட்டில் நடந்தால் நாம்தான் சொல்ல வேண்டும். கிராமத்தில் கிராம நிர்வாக அலுவலரிடமும், மற்ற இடங்களில் பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி அலுவலகத்திலும் பதியலாம். நாள் கடந்தால் கட்டணமும் அலைச்சலும்தான். சான்றிதழை எடுத்ததும் நாலைந்து பிரதி போட்டு வையுங்கள்.

3. பட்டாளக்காரரானால் அவருடைய நம்பர், பதவி, படைப்பிரிவு, பட்டாலியன், சேர்ந்த வருஷம், ஓய்வு பெற்ற வருஷம், பதக்கங்கள். டிஸ்சார்ஜ் புக்கும் பி.பி.ஓ.வும் இருக்கும் இடம்.

4. முதலில் தகவல் சொல்ல வேண்டிய ஐந்து பேரின் போன் எண். அதில் ஒருவர் கூட வேலை பார்த்தவராக இருக்கட்டும்.

5. எரிப்பதா, புதைப்பதா, எங்கே? தூரத்தில் இருக்கும் பிள்ளைக்காகக் காத்திருப்பதா? எவ்வளவு நேரம்?

6. பாங்குக் கணக்கு, இன்ஷூரன்ஸ், நகை, வீட்டுப் பத்திரம் எங்கே இருக்கின்றன? வாரிசாக யார் பெயர் போட்டிருக்கிறது?

7. அவருடைய ஆசை என்ன? சின்னதாக இருந்தாலும் எழுதுங்கள்.

8. இந்த நோட்டைப் பூட்டி வைக்காதீர்கள். பூட்டினால் சாவி இருக்கும் இடம் இரண்டு பேருக்காவது தெரிய வேண்டும்.

எட்டாவதை எங்கள் அனுபவத்தில் எழுதியிருக்கிறேன்.

அப்பாவின் பெட்டி இப்போது அம்மையின் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. பூட்டு இல்லை. டிசம்பர் 16 வந்தால் அவளே மெடல்களை எடுத்து விபூதி போட்டுத் துடைக்கிறாள். பேரப்பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்துகொள்கிறார்கள். மூடியிலுள்ள நம்பரைப் பெரியவன் மனப்பாடமாகச் சொல்கிறான். போன வருஷம் பார்த்தேன், அப்பாவின் நோட்டிலேயே மீதிப் பக்கங்களில் அம்மை தன் விஷயங்களைப் பென்சிலால் எழுத ஆரம்பித்திருக்கிறாள். பெயரை மட்டும் பேனாவில், அந்த 'ள்'ளோடு சேர்த்து, பெரிசாக எழுதியிருக்கிறாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்து எல்லாரும் ஓய்வாக இருக்கும்போது, உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு சாயா போட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால், பத்திரிகையில் ஒருத்தி இப்படி எழுதியிருக்கிறாள் என்று என் கதையைச் சொல்லி ஆரம்பியுங்கள். கூடவே நம்முடையதையும் எழுதி வைத்துவிடுவோம்.

சளிக்குக் கைமருந்து அடுத்த இதழில் கட்டாயம் உண்டு.